ரயில் பெட்டி விளக்கு: மின்சாரம் அச்சிலிருந்தா, பவர் காரிலிருந்தா, இன்ஜினிலிருந்தா?

ஓடுகிற பெட்டிக்குள் விளக்கெரியவும் ஃபேன் சுற்றவும் இந்திய ரயில்வேயில் இன்று மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. சக்கர அச்சில் பெல்ட் மாட்டி, பெட்டிக்கு அடியில் தொங்கும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றி மின்சாரம் எடுப்பது முதல் வழி. டிரெயின் லைட்டிங் ஆட்கள் இதை எஸ்.ஜி. (செல்ஃப் ஜெனரேஷன்) என்பார்கள். ரேக்கின், அதாவது ஒன்றாகக் கோத்து ஓடும் பெட்டித் தொடரின், இரு கோடியிலும் டீசல் ஜெனரேட்டர் ஏற்றிய பவர் காரை மாட்டி, வண்டி முழுக்கக் கேபிள் ஓட்டுவது இரண்டாவது, அது ஈ.ஓ.ஜி. (எண்ட்-ஆன் ஜெனரேஷன்). தலைக்கு மேல் போகும் 25,000 வோல்ட் கம்பியிலிருந்து இன்ஜின் எடுக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கைப் பின்னால் உள்ள பெட்டிகளுக்கு அனுப்புவது மூன்றாவது, அது எச்.ஓ.ஜி. (ஹெட்-ஆன் ஜெனரேஷன்).

எது நல்லது என்று கேட்டால் பேச்சு உடனே யூனிட் என்ன விலை என்பதில் போய் நிற்கும். விலை முக்கியம்தான். அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பெட்டி நாளைக்கும் இதே ரேக்கில் இருக்குமா, வழியில் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டுவார்களா? கழற்றி மாட்டுகிற பெட்டி தன் வெளிச்சத்தைத் தானே சுமந்தாக வேண்டும். பிரியாத ரேக் என்றால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே இடத்திலிருந்து கொடுக்கலாம். பெட்டிகளுக்கு விளக்கு வந்த காலத்திலிருந்தே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இழுபறி. அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருவோம்.

எண்ணெயும் கேஸும்

இங்கிலாந்தின் ஆரம்ப காலப் பெட்டிகளில் கடுகினத்தைச் சேர்ந்த ரேப் விதை எண்ணெயில் எரியும் விளக்குகள். கூரையில் வட்டமாக ஒரு ஓட்டை; விளக்குக்காரர் கூரை மேல் நடந்து போய், திரி ஏற்றிய விளக்கை அந்த ஓட்டை வழியே உள்ளே இறக்கி வைப்பார். மூன்றாம் வகுப்பில் தடுப்புச் சுவரில் ஒரு விளக்கு வைத்து அதை இரண்டு அறைகள் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. படிக்க விரும்பியவர்கள் சொந்தமாக மெழுகுவத்தி விளக்கு கொண்டுவந்து இருக்கையில் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டார்கள். பெட்டி எங்கே போனாலும் விளக்கு கூடவே போகும் என்பது இதன் ஒரே வசதி. வெளிச்சம் என்று சொல்ல அதில் பெரிதாக எதுவும் இல்லை.

1863 ஜனவரியில் லண்டனில் மெட்ரோபாலிடன் நிலத்தடிப் பாதை திறந்தபோது, நகரத் தெருவிளக்கில் எரிந்த அதே நிலக்கரி கேஸை ரப்பர் பைகளில் அடைத்துப் பெட்டிக் கூரை மேல் வைத்து ஓட்டினார்கள். சில மைல் போய்த் திரும்பும் வண்டிக்கு இது போதும். நெடுந்தூரத்துக்குப் பை பற்றாது, கேஸை அழுத்தி அடைக்க வேண்டும். நிலக்கரி கேஸை அழுத்தினால், சுடருக்கு ஒளி தரும் கனமான ஹைட்ரோகார்பன்கள் திரவமாகிக் கீழே தங்கிவிடும். மிஞ்சும் கேஸ் எரியும், ஆனால் மங்கலாக எரியும்.

இதற்கு விடை கொண்டுவந்தவர் பெர்லினைச் சேர்ந்த யூலியுஸ் பிண்ட்ஷ். எண்ணெயைச் சூடான கலனில் சிதைத்து எடுக்கும் அவருடைய கேஸ், அழுத்தத்தைத் தாங்கி ஒளியைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொண்டது. பெட்டிக்கு அடியில் நீளவாக்கில் எஃகு சிலிண்டர். பக்கத்தில் அழுத்தமானியும் நிரப்பும் வால்வும். அங்கிருந்து ஒரு ரெகுலேட்டர் வழியாக அழுத்தம் மிகவும் குறைந்து, குழாயில் மேலேறி ஒவ்வொரு விளக்குக்கும் போகும். ஒருமுறை நிரப்பினால் பல இரவுகள் தாங்கும். பெட்டி தனித்தும் நிற்கும், வெளிச்சமும் உண்டு. பின்னால், சுடரில் சூடேறி ஒளிரும் வலையான மேண்டில் வந்ததும் அதே கேஸில் வெளிச்சம் பல மடங்கானது. கேஸ் முறை அவ்வளவு காலம் நீடித்ததற்கு ஊர் ஊராகக் கட்டிய கேஸ் நிலையங்களில் முடங்கிய பணம் ஒரு காரணம். அந்த நாளைய கார்பன் இழை பல்பைவிட மேண்டில் உண்மையிலேயே பிரகாசமாக இருந்தது இன்னொரு காரணம்.

அதன் ஆபத்து மோதலில் தெரிந்தது. சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் உள்ள குழாய் முறிந்தால் முழு அழுத்தத்தோடு கேஸ் பீய்ச்சியடிக்கும். கவிழ்ந்த நீராவி இன்ஜினின் நெருப்புப் பெட்டியிலிருந்து தணல் சிதறிக் கிடக்கும். மேலே இருப்பது மரப் பெட்டி. 1910 டிசம்பர் 24 அன்று இங்கிலாந்தின் ஹாஸ் ஜங்ஷனில் நடந்த மோதலில் 12 பேர் இறந்தார்கள்; நெருப்புக்குத் தீனி போட்டது கேஸ். விசாரித்த மேஜர் பிரிங்கிள் மின்விளக்குக்கு மாறச் சொன்னார். 1913 செப்டம்பரில் அதே பாதையில், சில மைல் தள்ளி ஏஸ் கில்லில் மறுபடியும் மோதலும் நெருப்பும். 1915 மே 22 அன்று ஸ்காட்லாந்தின் குவின்டின்ஸ்ஹில்லில் ராணுவ வீரர்களை ஏற்றிப்போன வண்டி மோதி எரிந்ததில் 220 பேருக்கு மேல் மாண்டார்கள். போர்க்காலத் தட்டுப்பாட்டில் எடுத்து ஓட்டிய, கேஸ் விளக்கு பொருத்திய பழைய மரப் பெட்டிகள் அவை. பிரிட்டனின் ஆகப் பெரிய ரயில் விபத்து இன்றுவரை அதுதான். பெட்டியில் ஆற்றலைச் சேமித்து வைக்கும் எந்த முறையையும் எடைபோடும்போது, மோதலில் அந்தச் சேமிப்பு என்ன செய்யும் என்று கேட்கக் கற்றுக்கொடுத்த விபத்துகள் இவை. டீசல் தொட்டிக்கும் பேட்டரிப் பெட்டிக்கும் இன்றும் அதே கேள்வி பொருந்தும்.

முதல் மின்விளக்கும் ஸ்டோனின் வழுக்கும் பெல்ட்டும்

1881 அக்டோபரில் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஓடிய ‘பீட்ரிஸ்’ என்ற புல்மன் பெட்டியில் ஸ்வான் பல்புகள் எரிந்தன. மின்சாரம், தரையடியில் வைத்த, ஃபோர் என்பவர் வடிவமைத்த ஈய-அமில பேட்டரியிலிருந்து. டைனமோ இல்லை, கரையில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு சொகுசுப் பெட்டிக்கு அது சரி. நூறு பெட்டிக்குச் செய்தால் பேட்டரியைத் தூக்கி இறக்கவே ஆள் போதாது.

அடுத்து அந்தப் பிரைட்டன் பாதையின் ரயில் கம்பெனி, கார்டு வேனில் டைனமோவை வைத்து, வேனின் அச்சிலிருந்து பெல்ட் கொடுத்து, பெட்டிகள் நெடுகக் கம்பி ஓட்டியது. இன்றைய பவர் காருக்குத் தாத்தா என்று இதைச் சொல்லலாம். வேனைக் கழற்றினால் வண்டி முழுக்க இருட்டு. பெட்டிகளை வழியில் பிரித்து வேறு வேறு ஊருக்கு அனுப்புவது அன்றைய வழக்கம் என்பதால் இந்த முறை பெரிதாகப் பரவவில்லை.

பரவியது, லண்டன் டெப்ட்ஃபோர்டில் இருந்த ஜே. ஸ்டோன் கம்பெனியின் 1890-களின் முறை. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி டைனமோ, தனி பேட்டரி. இதில் தீர்க்க வேண்டிய சிக்கல்கள் மூன்று. வண்டியின் வேகம் ஏறி இறங்கினாலும் விளக்கு ஒரே மாதிரி எரிய வேண்டும். வண்டி நின்றால் பேட்டரி டைனமோவுக்குள் திரும்பிப் பாயக்கூடாது. வண்டி திரும்பி எதிர்த்திசையில் ஓடினால் மின்முனை மாறிவிடும்.

முதல் சிக்கலுக்கு அவர்கள் கண்ட விடையைப் படம் வரைந்தே பார்க்கலாம், அவ்வளவு எளிமை. டைனமோவை ஒரு மூலையில் மட்டும் பிடித்து ஊஞ்சல் போலத் தொங்கவிட்டார்கள். அதன் எடையே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும். வேகம் கூடி டைனமோ அதிகச் சுமை இழுக்கத் தொடங்கினால், பெல்ட் டைனமோவை அச்சை நோக்கி இழுக்கும். இறுக்கம் தளரும், பெல்ட் வழுக்கும், அதற்கு மேல் சுழற்சி கூடாது. எவ்வளவு சுமையில் வழுக்க வேண்டும் என்பதைத் தொங்கும் கொக்கியின் திருகை வைத்தே அமைத்துவிடலாம். மற்ற இரண்டு சிக்கல்களையும், தண்டிலேயே இருந்த மையவிலக்கு கவர்னரும் திசை பார்த்து மாறும் சுவிட்சும் பார்த்துக்கொண்டன. குறையும் அதே பெல்ட்தான்: வழுக்குகிற பெல்ட் சூடாகித் தேயும், மழையில் வேண்டாத நேரத்திலும் வழுக்கும்.

கேஸை முடிவாகத் தள்ளியது டைனமோ மட்டும் என்று சொல்லமாட்டோம். டங்ஸ்டன் இழை வந்து, அதே வெளிச்சத்துக்குக் கார்பன் இழை தின்றதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாட் போதும் என்றானது. சிறிய டைனமோ, சிறிய பேட்டரி போதும் என்றானதும் கணக்கு மின்சாரத்தின் பக்கம் சாய்ந்தது. அன்று 24 வோல்ட்டைப் பிடித்துக்கொண்டதற்கும் இழை ஒரு காரணம்: குறைந்த வோல்ட் பல்பின் இழை தடிமனானது, பெட்டியின் அதிர்வைத் தாங்கும்.

இந்தியாவில் 24-லிருந்து 110-க்கு

இங்கே 1902-இல் ஜோத்பூர் ரயில்வேதான் மின்விளக்கை நிரந்தரப் பொருத்தமாக முதலில் வைத்தது. இந்தியாவுக்கு மின்சாரம்தான் என்று முடிவானதில் விளக்கைவிட ஃபேனுக்குப் பங்கு அதிகம் என்பது நம் கருத்து. கேஸ் எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் ஒரு ஃபேனைச் சுற்றாது. மே மாத மதியத்தில் நின்றுகொண்டிருக்கும் பெட்டியில் விளக்கு இல்லாமல் இருக்கலாம், காற்று இல்லாமல் இருக்க முடியாது.

ஃபேன் வந்ததும் 24 வோல்ட் திணறியது. கணக்கு எளிது. ஒரு பெட்டிக்கு 3 கிலோவாட் தேவை என்று வையுங்கள். 24 வோல்ட்டில் 125 ஆம்பியர் ஓட வேண்டும்; 110 வோல்ட்டில் 27 ஆம்பியர் போதும். ஒரே கம்பியில் வெப்பமாக வீணாவது ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் வித்தியாசம் இருபது மடங்குக்கு மேல். பெட்டியின் கடைசிக் கோடியில் விளக்கு மட்டும் மங்கலாக எரிவதன் ரகசியம் இந்த வோல்ட் வீழ்ச்சிதான். ஆகவே 110 வோல்ட் டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) பொதுத் தரமாக நிலைத்தது. இன்றும் எஸ்.ஜி. பெட்டிகள் அதில்தான் ஓடுகின்றன.

டைனமோவின் இடத்தில் பிரஷ் இல்லாத ஆல்டர்னேட்டர் வந்தது. அதன் சுழலும் பகுதியான ரோட்டரில் சுருளே கிடையாது. காந்தப்புலம் தரும் ஃபீல்டு சுருளும் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரிலேயே இருக்கிறது. வருவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம், அதை ரெக்டிஃபையர் டிசி ஆக்குகிறது. எந்தத் திசையில் சுற்றினாலும் வெளியே வருவது ஒரே முனை. ஸ்டோன் கவர்னரையும் சுவிட்சையும் வைத்துச் சாதித்ததைச் சில டயோடுகள் செய்துவிட்டன. பேட்டரி திரும்பிப் பாய்வதையும் அதே டயோடுகள் தடுத்துவிட்டன.

எஸ்.ஜி.: தனித்து நிற்கும் பெட்டி

குளிர்சாதனம் (ஏசி) இல்லாத பெட்டிக்கு 4.5 கிலோவாட் ஆல்டர்னேட்டர் ஒன்று, 120 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு செட். எஸ்.ஜி. ஏசி பெட்டிக்கு 25 கிலோவாட் ஆல்டர்னேட்டர் இரண்டு வரை, பேட்டரி 1,100 ஆம்பியர்-மணி, 2 வோல்ட் செல்கள் 56. அந்த 110 வோல்ட்டை இன்வெர்ட்டர் 415 வோல்ட் மூன்று ஃபேஸாக மாற்றிக் கூரையிலுள்ள ஏசி யூனிட்டுக்குக் கொடுக்கும். பேட்டரி மட்டுமே டன் கணக்கில் எடை.

எந்த வேகத்தில் மின்சாரம் வரத் தொடங்கும் என்பதுதான் எஸ்.ஜி.யின் உயிர்நாடி. 915 மில்லிமீட்டர் சக்கரத்தின் சுற்றளவு 2.87 மீட்டர். அச்சுப் புல்லி சுமார் 572 மி.மீ., ஆல்டர்னேட்டர் புல்லி 200 மி.மீ. என்றால், அச்சு ஒரு சுற்றுக்கு ஆல்டர்னேட்டர் 2.86 சுற்று. 25 கிலோவாட் ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்குச் சுமார் 357 சுற்றில் விழிக்கும், 800 சுற்றில் முழு உற்பத்தி தரும். இதை வண்டியின் வேகமாக மாற்றினால் மணிக்கு 21 கி.மீ. சுமாரில் மின்சாரம் தொடங்கி, 48 கி.மீ.யில் முழுமையாகிறது. சக்கரம் தேய்ந்து விட்டம் குறைந்தால் அதே வேகத்துக்கு அச்சு கூடுதலாகச் சுற்றும் என்பதால் இந்த எண்கள் சற்றுக் கீழே இறங்கும்.

எக்ஸ்பிரஸுக்கு இது பிரச்சினையே இல்லை. ஏழு கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம், நடுவில் கிராசிங்குக்கு அரைமணி காத்திருப்பு என்று போகும் பாசஞ்சர் வண்டியில்தான் சிக்கல். 48-ஐத் தொட்ட கையோடு பிரேக் விழும். பேட்டரி கொடுத்துக்கொண்டே இருக்கும், திரும்பப் பெறும் நேரம் குறைவு. சில நாளில் செல்கள் பாதிச் சார்ஜிலேயே கிடந்து தட்டில் சல்ஃபேட் படியும். பிறகு முழுச் சார்ஜ் கொடுத்தாலும் ஏற்காது.

இங்கே எல்இடியும், பிரஷ் இல்லாத மோட்டாரில் குறைந்த வாட்டில் சுற்றும் பிஎல்டிசி ஃபேனும் செய்த உதவி பெரிது. எடுத்துக்காட்டாக, 60 வாட் ஃபேன் 18-ம் 20 வாட் டியூப் 20-ம் உள்ள பெட்டி 1,480 வாட் இழுக்கும்; 110 வோல்ட்டில் 13 ஆம்பியருக்கு மேல். அதே எண்ணிக்கையில் 30 வாட் ஃபேனும் 9 வாட் எல்இடியும் போட்டால் 720 வாட், ஆறரை ஆம்பியர். 120 ஆம்பியர்-மணி பேட்டரியில் 80 விழுக்காடு மட்டும் பயன்படுத்துவது என்று வைத்தால், முன்பு ஏழு மணி நேரம் நின்றது இப்போது பதினான்கு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். ஆல்டர்னேட்டரையும் பேட்டரியையும் தொடாமலேயே கிடைத்த லாபம் இது. எஸ்.ஜி. பெட்டிக்குப் பணம் செலவழிக்க முதல் இடம் எது என்றால் நம் பதில் ஃபேன்தான். விளக்கை எல்லோரும் மாற்றிவிட்டார்கள். மிச்சச் சுமையில் பெரும் பங்கு ஃபேனில் இருக்கிறது.

பழுதுகள் பெரும்பாலும் பெல்ட்டில் தொடங்கும். 25 கிலோவாட்டுக்கு சி-122 அளவு வி-பெல்ட், பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு, 4.5 கிலோவாட்டுக்கு நான்கு. புதிய பெல்ட் ஓடத் தொடங்கியதும் நீளும். முதல் பயணம் முடிந்து, பெட்டிக்கு அடியில் நின்று பார்க்கும் பராமரிப்புப் பாதையான பிட் லைனுக்கு வந்ததும் மறுபடி இறுக்காவிட்டால் வழுக்கிப் பளபளப்பேறி வீணாகும். ஒன்று அறுந்தால் அதை மட்டும் மாற்றுவது தவறான சிக்கனம். நீண்ட பழைய பெல்ட்டுகளுக்கு நடுவில் புதியது மட்டும் இறுக்கமாக நின்று எல்லாச் சுமையையும் தாங்கும், அதுவும் சீக்கிரம் போகும். மாற்றினால் ஒரே தரக் குறியீடுள்ள செட்டாக மாற்றுவதே சரி. அதோடு ஆல்டர்னேட்டர் தொங்கும் பின், காட்டர் பின், பாதுகாப்புச் சங்கிலி மூன்றையும் கைவைத்துப் பார்க்க வேண்டும். பின் தேய்ந்து அறுந்து ஆல்டர்னேட்டர் பாதையில் விழுந்தால், போவது விளக்கு மட்டும் அல்ல.

பெல்ட் சரியாக இருந்தும் மின்சாரம் வரவில்லையா? ஆல்டர்னேட்டரில் மிச்சமிருக்கவேண்டிய காந்தம் இறந்திருக்கலாம். பேட்டரியிலிருந்து ஃபீல்டுக்கு ஒரு கணம் மின்சாரம் காட்டி உயிர்ப்பிக்க வேண்டும். திரவ அமில செல்லாக இருந்தால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் உண்மையைச் சொல்லும்: முழுச் சார்ஜில் 1.210-லிருந்து 1.220 வரை காட்ட வேண்டும். ஒரே ஒரு செல் மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த செல் கெட்டது. எல்லாமே தாழ்ந்திருந்தால் செல்களைத் திட்ட வேண்டாம், ரெகுலேட்டரின் வோல்ட்டைப் பாருங்கள்.

வழியில் ஒரு பெட்டி இருண்டுவிட்டால், கோடிச் சுவரிலுள்ள அவசர முனைகளைக் கேபிளால் பக்கத்துப் பெட்டியோடு இணைத்துக் கடன் வாங்கி ஊர் போய்ச் சேரலாம். முனை மாற்றிக் கொடுக்கக்கூடாது, ஃப்யூஸ் போகும். ஒரு பெட்டி செத்தாலும் வண்டி இருளாது என்ற இந்தக் குணம் எஸ்.ஜி.க்கு மட்டுமே உண்டு.

அச்சிலிருந்து வருகிற மின்சாரம் இலவசம் என்று ஒரு நினைப்பு பலரிடம் இருக்கிறது. அந்த உழைப்பை இன்ஜின்தான் தருகிறது. பத்து ஏசி பெட்டி, பெட்டிக்கு 50 கிலோவாட் என்றால் 500 கிலோவாட். பெல்ட், ஆல்டர்னேட்டர், பேட்டரி, இன்வெர்ட்டர் என்று ஒவ்வொரு படியிலும் சிந்துவதையும் சேர்த்து இன்ஜின் இழுத்தாக வேண்டும். விளக்கும் ஃபேனும் மட்டும் என்றால் கவலைப்பட வேண்டியதில்லை. முழு ஏசி ரேக்குக்கு இது மோசமான வழி.

ஈ.ஓ.ஜி.: கோடியில் டீசல்

அந்தக் காரணத்தால்தான் 1969 மார்ச்சில் ஓடத் தொடங்கிய ஹவுரா ராஜ்தானி, முழு ஏசி வண்டியாக, பவர் காரோடு வந்தது. பிரைட்டன் கார்டு வேனின் யோசனை திரும்பி வந்தது. இந்த முறை நிலைத்தது. ராஜ்தானி ரேக்கை வழியில் யாரும் பிரிப்பதில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

ஜெர்மன் வடிவமைப்பில் வந்த புதிய வகைப் பெட்டிகளான எல்.எச்.பி. ரேக்கில் கோடிக்கு ஒரு பவர் கார், ஒவ்வொன்றிலும் 500 கேவிஏ செட் இரண்டு. 750 வோல்ட் மூன்று ஃபேஸில் ஏ, பி என்று இரண்டு ஃபீடர்கள் (மின்சாரம் கொண்டுபோகும் கேபிள் தடங்கள்) ரேக் நெடுக ஓடும். பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மர் அதை 415 ஆக்கும். ஏன் 750? 500 கேவிஏ-வை 415 வோல்ட்டில் அனுப்பினால் ஏறத்தாழ 700 ஆம்பியர், 750-இல் 385. பெட்டிக்குப் பெட்டி கேபிளை இணைக்கும் கப்ளரின் ‘பின்’ சூடாவதும் கேபிளின் தடிமனும் அதற்கேற்பக் குறையும்.

வேகத்தோடு இதற்குத் தொடர்பில்லை. வண்டி நின்றாலும் ஏசி ஓடும், மின் கம்பி இல்லாத பாதையிலும் ஓடும், எந்த இன்ஜின் மாட்டினாலும் ஓடும். விலை டீசலில். லிட்டருக்கு மூன்றரை யூனிட் கிடைக்கிறது, ரேக் சராசரியாக 250 கிலோவாட் இழுக்கிறது என்று கொண்டால் மணிக்கு 71 லிட்டர். பன்னிரண்டு மணி நேர இரவுக்கு 850 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றால் எரிபொருளுக்கு மட்டும் யூனிட் 25 ரூபாயைத் தாண்டும். பிளாட்பாரத்தில் இரைச்சலும் புகையும் வேறு. இரண்டு பெட்டிகளின் நீளம் பயணிகளுக்கு உதவாமல் போகிறது.

கலப்பு ரேக்கில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 750 வோல்ட் ஃபீடர் இல்லாத எஸ்.ஜி. பெட்டியை ஈ.ஓ.ஜி. ரேக்கின் நடுவில் மாட்டினால் ஃபீடர் அங்கேயே அறுந்துவிடும். அப்படிப்பட்ட பெட்டியைப் பவர் காருக்கு வெளியே, கோடியில்தான் மாட்ட முடியும்.

எச்.ஓ.ஜி.: இன்ஜினிலிருந்து

டபிள்யூஏபி-7 போன்ற மின்சார இன்ஜினில் 500 கேவிஏ கன்வெர்ட்டர் இரண்டு. இன்ஜின் டிரான்ஸ்ஃபார்மரின் தனிச் சுருளிலிருந்து எடுத்து, அதே 750 வோல்ட் மூன்று ஃபேஸைப் பின்னால் தருகின்றன. பெட்டியைப் பொறுத்தவரை ஈ.ஓ.ஜி.க்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. பழைய ரேக்கை மாற்றியமைக்க இது பெரிய வசதி. ஒரு பவர் காரை எடுத்துவிட்டு, பயணிகள் உட்காரக்கூடிய பெட்டியை அந்த இடத்தில் போடலாம். இன்னொரு பவர் கார் காத்திருப்பாக நிற்கும்.

இங்கே பலவீனம் இணைப்பில் இருக்கிறது. இன்ஜின் மாறும்போது வரிசை முக்கியம். மின்சாரத்தை நிறுத்து. வோல்ட் இல்லை என்று பார். கப்ளரைக் கழற்று. புது இன்ஜினை மாட்டு. கப்ளர் பூட்டு முழுதாக விழுந்ததா பார். இன்டர்லாக் சுற்று மூடியதா பார். பிறகு கன்வெர்ட்டரை ஓட்டி, இரண்டு ஃபீடரிலும் 750 நிற்கிறதா பார். பூட்டு அரைகுறையாக விழுந்த கப்ளர் உடனே பிடிபடாது. சுமை ஏறியதும் கப்ளரின் ‘பின்’ சூடாகும், காப்பு கருகும், நூறு கிலோமீட்டர் தாண்டி ஃபீடர் டிரிப் ஆகும். மழைநாளில் மூடியில்லாத சாக்கெட்டில் நீர் இறங்கினாலும் இதே கதை. ஒரு பெட்டியின் எர்த் கோளாறு முழு ஃபீடரையும் இழுத்து நிறுத்தும். அப்போது பெட்டி பெட்டியாகத் துண்டித்துப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்க வேண்டும். மற்ற ஃபீடருக்கு மாற்றினால் கோளாறும் கூடவே வரும்.

மேல்கம்பியில் மின்சாரம் இல்லாமல் விட்டிருக்கும் சிறு துண்டான நியூட்ரல் செக்‌ஷனைக் கடக்கும்போதும் மின்சாரம் போய் வரும். ஏசி நின்று மறுபடி தொடங்கும். விளக்கைத் தாங்குவது பெட்டியின் பேட்டரிதான்.

சூரிய பேனல் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஜூலையில் டெல்லியில் தொடங்கிய டெமு வண்டியில் (தனி இன்ஜின் இல்லாமல் பெட்டியிலேயே டீசல் இன்ஜின் வைத்து ஓடுவது), பெட்டிக்கு 300 வாட் பேனல் 16 கூரையில் வைத்தார்கள். அடிக்கடி நிற்கும், பகலில் ஓடும் வண்டிக்கு இது பொருத்தமான துணை, ஏனென்றால் நிற்கும்போதும் சார்ஜ் ஏறும். ஏசி பெட்டிக்கு இந்த 4.8 கிலோவாட் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

எதற்கு எது

நிறுத்தம் நிறைந்த, பெட்டிகள் மாறி மாறிப் போகும் ஏசி இல்லாத வண்டிக்கு எஸ்.ஜி.யே போதும், எல்இடியும் பிஎல்டிசி ஃபேனும் போட்டபின். தனியாகக் கழற்றி அனுப்பும் சுற்றுலாப் பெட்டி, ஆய்வுப் பெட்டி போன்ற ஏசி பெட்டிகளுக்கு எடையையும் செலவையும் பொறுத்துக்கொண்டு எஸ்.ஜி.தான், வேறு வழி கிடையாது.

முழுக்க மின்மயமான பாதையில் ஓடும் நிலையான எல்.எச்.பி. ரேக்குக்கு எச்.ஓ.ஜி. பற்றி நமக்கு இரண்டாம் யோசனையே இல்லை. சென்னை பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். 2018 தொடக்கத்தில் பழைய வகைப் பெட்டி கட்டுவதை நிறுத்தி எல்.எச்.பி.க்கே மாறியபின், ரேக்குகள் பிரியாமல் ஓடுவது கூடிக்கொண்டே வருகிறது. வழியில் கழற்றி வேறு வண்டியில் மாட்டும் இணைப்புப் பெட்டிகளும் குறைந்துவிட்டன. ஸ்டோன் முறை வென்றதற்கான காரணம் அந்த வண்டிகளில் இப்போது இல்லை. நடுவில் டீசல் இன்ஜின் மாட்டும் பகுதி இருந்தால், அந்தப் பகுதி எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஒரு மணி நேரம் என்றால் ஒற்றைப் பவர் காரின் இரண்டு செட்டும் சமாளிக்கும். பாதி வழி டீசல் என்றால் இரண்டு பவர் காரையும் வைத்திருப்பதே சரி.

எச்.ஓ.ஜி.க்கு மாறியபின் பல இடங்களில் பேட்டரிப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. 750 வோல்ட் எப்போதும் வருகிறதே என்ற நம்பிக்கை. மோதலிலோ தடம் புரண்டாலோ கப்ளர்தான் முதலில் பிய்யும். அந்த நிமிடத்தில் வாசலைக் காட்ட எரியவேண்டியது பெட்டியின் அவசர விளக்கு. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், பிட் லைனில் ரேக் நிற்கும்போது இரண்டு ஃபீடரையும் நிறுத்திவிட்டு, கையில் கடிகாரத்தோடு ஒவ்வொரு பெட்டியாக நடந்து, அவசர விளக்கு எத்தனை நிமிடம் நின்றது, எந்த விளக்கு எரியவே இல்லை என்று பெட்டி எண்ணோடு எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அதே பெட்டியில் நேரம் குறைந்திருந்தால், வேறு சோதனைக்குக் காத்திராமல் செல்லை மாற்றுங்கள்.